புகையானைத் தின்னும் பூஞ்சாணம்

சென்னையின் மேற்கு விளிம்பில் வயலும் வீடும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு ஏரிகள் ஒரு காலத்தில் நெல்லுக்கு மடை திறந்தவை. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்க் தொழிற்சாலையும் வந்தன. ஏரிக்குக் கீழே இருந்த ஆயக்கட்டு கொஞ்சம் கொஞ்சமாக மனையானது. ஆனாலும் பூந்தமல்லியைத் தாண்டி திருமழிசை, வெள்ளவேடு, நேமம் பக்கம் போனாலும், ஆவடியைத் தாண்டி திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை பக்கம் போனாலும் நெல் இன்னும் நிற்கிறது. தண்ணீர் இருக்கிற இடத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகம் மாறி மாறி நடவு நடக்கிறது. வரப்பின் ஒரு பக்கம் நெல், மறுபக்கம் அடுக்குமாடி வீட்டின் சமையலறை ஜன்னல். வயலின் வடிநீர் ஓடையில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகிறது. பூண்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் வறட்சிக் காலங்களில் விவசாயக் கிணறுகளிலிருந்தே சென்னைக் குடிநீர் வாரியம் தண்ணீர் வாங்கியிருக்கிறது. ஆகவே இந்த வயல்களில் எந்த மருந்து அடிக்கப்படுகிறது என்பது நிலத்துக்காரரின் தனிக் கவலையாக இருக்க முடியாது. நெல்லைத் தாக்கும் பூச்சிகளில் முக்கியமான சிலவற்றுக்கு, குறிப்பாகப் புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும், இங்கே முதலில் எடுக்க வேண்டியது பூச்சிக்கு நோய் தரும் பூஞ்சாணம். கடைசியாக எடுக்க வேண்டியதுதான் ரசாயனம். இன்று இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. அதற்குக் காரணம் பூஞ்சாணத்தின் பலவீனம் என்று சொல்லப்படுகிறது. ஆனால் அதை நாம் தயாரிக்கும், விற்கும், தெளிக்கும் முறையில்தான் கோளாறு இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் புகையானைப் பார்க்க வேண்டும். அரிசி மணியைவிடச் சிறிய பழுப்பு நிறப் பூச்சி அது. இலை நுனியில் உட்காராது; பயிரின் அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். வரப்பில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்குப் பயிர் பச்சையாகத்தான் தெரியும். குத்தைச் சாய்த்துத் தட்டினால் தண்ணீரில் பொலபொலவென்று விழும். கவனிக்காமல் விட்டால் ஒரு வாரத்தில் வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்தது போலக் காய்ந்து சாயும். இந்தப் பூச்சி நெல்லின் பெரிய எதிரியானது பசுமைப் புரட்சிக்குப் பிறகுதான். நெருக்கி நட்ட குட்டை ரகங்கள், அள்ளிப் போட்ட யூரியா, விடாமல் தேங்கி நின்ற தண்ணீர் மூன்றும் அதற்கு வாழ்வு கொடுத்தன. நாலாவது காரணம் பூச்சிமருந்து. பிலிப்பைன்ஸில் பீட்டர் கென்மோர் 1970களின் இறுதியிலும் 1980களிலும் செய்த ஆய்வுகள் இதை ஐயமற நிறுவின: மருந்து அடித்த வயலில் சிலந்திகளும், புகையான் முட்டைகளைத் தின்னும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் முதலில் செத்தன, தண்டுத் தோலுக்குள் பத்திரமாக இருந்த புகையான் முட்டைகள் பொரித்து, காவல் இல்லாத வயலில் பல மடங்கு பெருகின. இந்தோனேசியா இந்தப் பாடத்தை அரசாணையாக்கியது. 1986-இல் அந்நாட்டு அதிபர் நெல்லுக்கு அடிக்கும் 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். மருந்துக்குக் கொடுத்துவந்த மானியமும் அடுத்த சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. உற்பத்தி குறையவில்லை. நம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் பைரித்ராய்டு வகைகளையும் குயினால்பாஸ் போன்றவற்றையும் நெல்லில் தவிர்க்கச் சொல்கிறது. அவை புகையானை மறுபடி பெருக்கும் என்பதுதான் அது சொல்லும் காரணம். புதிய மருந்து வந்தால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. 1990களில் அற்புதம் என்று வந்த இமிடாகுளோபிரிடுக்கு ஆசியாவின் பல நாடுகளில் புகையான் 2003 வாக்கிலேயே எதிர்ப்புத் திறன் காட்டத் தொடங்கிவிட்டது.

இப்போது பூஞ்சாணத்துக்கு வருவோம். பூச்சிகளுக்கும் பூஞ்சாண நோய் வரும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1835-இல் இத்தாலியின் அகோஸ்தினோ பாஸி, பட்டுப்புழுக்களை வெள்ளைப் பொடியாக மூடிச் சாகடித்த நோய்க்கு ஒரு நுண்ணுயிர்தான் காரணம் என்று நிரூபித்தார். ஒரு விலங்கின் நோய்க்கு நுண்ணுயிர் காரணம் என்று காட்டிய முதல் ஆய்வு அது. அந்தப் பூஞ்சாணத்தைத்தான் அவர் பெயராலேயே பிவேரியா பாசியானா என்கிறோம். 1879-இல் இலியா மெச்னிகோவ், பின்னாளில் நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர், கோதுமையைத் தாக்கிய வண்டுகளின் உடலில் பச்சை நிறப் பூஞ்சாணம் ஒன்றைக் கண்டார். அதை வளர்த்து வயலில் தூவலாமே என்று யோசித்தார். அதுதான் மெட்டாரைசியம். தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. எருக்குழியில் காண்டாமிருக வண்டின் புழுக்களைக் கொல்ல அதைத்தான் கலக்கச் சொல்கிறார்கள்.

அது கொல்லும் விதம் நெருங்கிப் பார்க்கத் தக்கது. பூஞ்சாணத்தின் கண்ணுக்குத் தெரியாத ஒரு விதைத்தூள் பூச்சியின் தோலில் விழுந்து ஒட்டிக்கொள்கிறது. ஈரம் இருந்தால் ஒரு நாளுக்குள் முளைக்கிறது. முளையின் நுனி பரந்து தோலில் அழுந்தி உட்கார்ந்து, புரதத்தையும் கைட்டினையும் கரைக்கும் நொதிகளைக் கசியவிட்டு, அழுத்தத்தாலும் கரைப்பாலும் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. உள்ளே போனதும் பூச்சியின் உடல் திரவத்தில் மிதந்து பெருகி, சத்தை உறிஞ்சி, நச்சையும் விடுகிறது. முதல் இரண்டு நாள் பூச்சியின் நடத்தையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு அது தின்பதைக் குறைக்கும். பெண் பூச்சி முட்டையைக் குறைக்கும். நாலிலிருந்து பத்து நாளுக்குள் செத்து, உடல் விறைத்து, தண்டைக் கவ்வியபடியே நின்றுவிடும். காற்றில் ஈரம் இருந்தால் அடுத்த ஓரிரு நாளில் கால் மூட்டுகளிலும் வயிற்று வளையங்களின் இடுக்குகளிலும் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும். பிவேரியா என்றால் அது வெள்ளையாகவே மாவு போல் மூடும். மெட்டாரைசியம் என்றால் வெள்ளை மெல்ல ஆலிவ் பச்சையாக மாறும். அந்தப் பொடி முழுவதும் புதிய விதைத்தூள். பக்கத்துத் தண்டில் ஏறும் அடுத்த பூச்சிக்கு நோய் அங்கிருந்து போகும். எந்த ரசாயனத்துக்கும் இந்தக் குணம் கிடையாது: அடித்த அன்றைக்கு அதிகமாக இருந்து பின்னால் குறைந்துகொண்டே போவது அது, பூஞ்சாணம் நல்ல காலம் வாய்த்தால் பின்னால் பெருகும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பாக்டீரியா மருந்தான பி.டி.யும் வைரஸ் மருந்துகளும் பூச்சியின் வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். அதற்குப் பூச்சி இலையைக் கடித்துத் தின்ன வேண்டும். தண்டுக்குள் ஊசியைச் செருகிச் சாறு குடிக்கும் புகையானும் பச்சைத் தத்துப்பூச்சியும் இலை மேல் இருப்பதைத் தொடுவதே இல்லை. தோல் வழியாகவே நுழையும் பூஞ்சாணம் ஒன்றுதான் நுண்ணுயிர் மருந்துகளில் இவற்றை எட்டக்கூடியது. இன்னொரு பொருத்தமும் உண்டு. பூஞ்சாணத்துக்கு எதிரிகள் மூன்று: வெயிலின் புற ஊதாக் கதிர், வறண்ட காற்று, 35 டிகிரியைத் தாண்டும் சூடு. பருத்திச் செடியின் மேல் இலையில் மூன்றும் உண்டு. தண்ணீர் நிற்கும் நெல்வயலின் அடித்தூரில் மூன்றும் குறைவு. புகையான் ஒளிந்துகொள்ளும் இடமும் பூஞ்சாணம் செழிக்கும் இடமும் ஒன்றேயாக இருப்பது நமக்குக் கிடைத்த கொடை. ஆசிய நெல்வயல்களில் யாரும் தெளிக்காமலேயே புகையான்களில் பூஞ்சாண நோய் பரவுவதை ஆய்வாளர்கள் பல காலமாகப் பார்த்துவந்திருக்கிறார்கள். செத்த பூச்சியின் உடலிலிருந்து பழுப்புச் சாம்பல் நிறத்தில் மெல்லிய குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஹிர்சுடெல்லா. வயலில் ஏற்கெனவே நடப்பதைத்தான் நாம் முன்கூட்டி, அதிகப்படுத்திச் செய்யப் போகிறோம்.

திருவள்ளூர் மாவட்டத்தின் பருவங்களோடு இதைப் பொருத்திப் பார்த்தால் எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பது தெளிவாகும். சம்பா இங்கே வடகிழக்குப் பருவமழையோடு வளர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரமும் மேகமூட்டமும் இருக்கும், சூடு 30 டிகிரியை ஒட்டி நிற்கும். பூஞ்சாணத்துக்கு இதைவிட நல்ல மாதங்கள் இல்லை. நவரையின் முற்பாதியில், தை, மாசியில், விடிகாலைப் பனி உதவும். சித்திரையில் நட்டு அக்னி நட்சத்திரத்தில் தூர் கட்டும் சொர்ணவாரிக்கு இதை முதல் ஆயுதமாக நான் பரிந்துரைக்க மாட்டேன். சென்னையை ஒட்டிய கோடையில் காற்று 40 டிகிரியைத் தொடும்போது தெளித்த விதைத்தூளில் பெரும்பகுதி முளைக்காமலே போகும். எல்லாப் போகத்துக்கும் எல்லாப் பூச்சிக்கும் ஒரே பொடி என்று விற்பதால்தான் பாதிப் பேர் அதை வெறுத்துப்போகிறார்கள்.

ஆய்வகத்துக்கு வெளியே இது வேலை செய்ததற்குச் சான்று உண்டா? உண்டு. 1980களில் பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரோம்பாக், ஷெப்பர்ட் முதலியோர் மெட்டாரைசியத்தையும் பிவேரியாவையும் வயலில் புகையான் மேல் தெளித்தார்கள். மூன்று வாரத்தில் புகையானில் பெரும்பகுதி பூஞ்சாணத்தால் செத்தது. பலவான் தீவில் நெல்லின் கருநாவாய்ப்பூச்சி மேலும் அவர்கள் இதைச் சோதித்து வெற்றி கண்டார்கள். நம் நாட்டிலேயே, ஜோர்ஹாட்டிலுள்ள அசாம் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹசாரிகா, புசாரி ஆகியோர் நெல் முள்வண்டுக்குப் பிவேரியாவைப் பயன்படுத்தும் வழியை 1990களில் உருவாக்கினார்கள். மிகப் பெரிய சான்று வியட்நாம். மேக்கோங் கழிமுகத்தில் கான் தோ நகரத்தை அடுத்துள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளூர்ப் பூச்சிகளிலிருந்தே பூஞ்சாணத்தைப் பிரித்தெடுத்து ஓமேட்டார், பயோவிப் என்ற பெயர்களில் கொடுத்தது. பிறகு விவசாயிகளுக்குத் தாய் வித்தைக் கொடுத்து, அவர்களே வீட்டில் அரிசியில் வளர்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தது. இந்தியாவில் மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுக் குழு நெல் இலைச்சுருட்டுப் புழுவுக்குப் பிவேரியாவையும், புகையானுக்கு மெட்டாரைசியத்தையும் ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோ, அதாவது ஏக்கருக்கு ஒரு கிலோ என்ற அளவில் ஏற்கெனவே அனுமதித்திருக்கிறது. சட்டமும் சம்மதித்து, அறிவியலும் சம்மதித்த பிறகு தயக்கம் எங்கே நிற்கிறது?

முதல் தயக்கம் வேகம். மருந்து அடித்த மறுநாள் பூச்சி தண்ணீரில் மிதக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற விவசாயியைக் குறை சொல்ல முடியாது. கடன் வாங்கி நட்டவருக்கு ஒரு வாரம் காத்திரு என்று சொல்வது எளிதல்ல. ஆனால் புகையானின் தலைமுறைக் கணக்கை வைத்துப் பார்த்தால் இந்த வாரம் பெரிய வாரம் இல்லை. நட்ட மூன்று, நாலு வாரத்தில் சிறகுள்ள புகையான்கள் வெளியிலிருந்து பறந்து வந்து இறங்கும். அவை எண்ணிக்கையில் குறைவுதான். ஒரு பெண் பூச்சி இருநூறு முட்டைக்கு மேல் இடலாம். முட்டை பொரிக்க ஏழு முதல் ஒன்பது நாள், குஞ்சு வளர்ந்து பறக்க அல்லது முட்டையிட இன்னும் இரண்டு வாரம். இப்படி ஒரு தலைமுறைக்குச் சுமார் நாலு வாரம் ஆகிறது. பயிரைச் சாய்ப்பது முதல் தலைமுறை அல்ல. இரண்டாவதும் மூன்றாவதும்தான், அதாவது கதிர் வரும் நேரத்தில் இருப்பவை. முதல் தலைமுறையில், பூச்சி இன்னும் எண்ணிக்கையில் ஏறாதபோது, பூஞ்சாணத்தை இறக்கினால் அது கொன்று முடிக்க ஒரு வாரம் எடுத்தாலும் நஷ்டம் ஒன்றுமில்லை. அந்த ஒரு வாரத்தில் பெண் பூச்சிகள் இடாத முட்டைகள்தான் கார்த்திகையில் வராத பூச்சிகள். வட்டம் விழுந்து பயிர் சாய்ந்த பிறகு பூஞ்சாணத்தைத் தெளித்துவிட்டு அது பலனளிக்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை. அந்தக் கட்டத்தில் அது கையாள வேண்டிய கருவியே அல்ல. தண்ணீரை வடித்து, மற்ற வழிகளைப் பார்க்க வேண்டிய நேரம் அது. ஒரு தண்டுக்கு ஒரு புகையான், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தண்டுக்கு இரண்டு என்பதுதான் ரசாயனத்துக்குச் சொல்லப்படும் பொருளாதாரச் சேத நிலை. பூஞ்சாணத்துக்கு அவ்வளவு காத்திருக்கக் கூடாது. வந்திறங்கிய சிறகுப் பூச்சிகள் கண்ணில் பட்டதுமே தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை வயலில் இறங்கிக் குத்தைத் தட்டிப் பார்க்கிறவருக்கு மட்டும்தான் இது பயன்படும் என்பது உண்மையே. அந்தப் பழக்கம் இல்லாமல் ரசாயனமும் காசுக்குக் கேடுதான்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு முரண் எழும். புகையானைக் குறைக்கத் தண்ணீரை வடி என்கிறோம். பூஞ்சாணத்துக்கோ அடித்தூரில் ஈரம் வேண்டும். வயலில் எப்போதும் முழங்கால் தண்ணீர் தேக்கி வைக்கத் தேவையில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடும் வயலில் சேற்றின் ஈரமே அடித்தூருக்குப் போதும். தெளிப்பதைப் பாய்ச்சல் நாளோடு சேர்த்துக்கொண்டால் முரண் தீர்ந்துவிடும். மாலை நாலு மணிக்கு மேல், வெயில் தாழ்ந்த பிறகு, ஒட்டும் திரவம் சேர்த்து, தெளிப்பான் முனையைப் பயிரின் இடையில் நுழைத்து அடித்தூர் நனைய அடிக்க வேண்டும். இலை மேல் மழை போல் தூவினால் பயனில்லை. எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நட்டிருந்தால் முனை உள்ளே போகும். நெருக்கி நட்டிருந்தால் எந்த மருந்துமே போகாது. புகையான் குஞ்சு தோல் உரிக்கும்போது தோலோடு விதைத்தூளும் கழன்றுபோகும் என்பதால் ஏழு, எட்டு நாள் கழித்து இன்னொரு முறை தெளிப்பது அவசியம். குலை நோய்க்கு அடிக்கும் பூஞ்சாணக்கொல்லியை இதோடு கலந்தால் நாமே கொண்டுவந்த உயிரை நாமே கொன்றதாகும். இரண்டுக்கும் இடையே போதிய நாள் விட வேண்டும்.

இரண்டாவது தயக்கம்தான் உண்மையில் கனமானது: கடையில் வாங்கிய பொடி வேலை செய்யவில்லை என்பது. இதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பல நேரம் அது உண்மை. இந்தியாவின் பதிவு விதிப்படி ஒரு கிராம் பொடியில் குறைந்தது பத்துக் கோடி உயிருள்ள விதைத்தூள் இருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இருந்திருக்கலாம். பிறகு அது லாரியில் வெயிலில் வந்து, தகரக் கூரை போட்ட உரக்கடையில் சித்திரை, வைகாசியைக் கழித்து, புரட்டாசியில் விவசாயியின் கைக்கு வந்தால் எத்தனை கோடி உயிரோடிருக்கும்? பால் பாக்கெட்டை அப்படி வைப்போமா? உயிருள்ள சரக்கை உரமூட்டை போல விற்கிற வியாபார முறைதான் இங்கே குற்றவாளி. உயிர்மருந்து என்ற பெயரில் ரசாயனத்தைக் கலந்து விற்கிறார்கள் என்ற புகார்களும் நாட்டின் பல பகுதிகளில் எழுந்திருக்கின்றன. உடனே பூச்சி செத்ததே என்று மகிழ்ந்த விவசாயிக்கு எது கொன்றது என்று தெரியாது. இதற்குப் பதில் பூஞ்சாணத்தைக் கைவிடுவது அல்ல. அதைத் தேவைப்படும் இடத்துக்குப் பக்கத்தில், தேவைப்படும் மாதத்தில் தயாரிப்பதுதான்.

அதற்கு இந்தப் பகுதியைப் போல வசதியான இடம் தமிழ்நாட்டில் குறைவு. மெட்டாரைசியமும் பிவேரியாவும் பெரிய தொட்டியோ விலை உயர்ந்த சத்துக் கரைசலோ கேட்பவை அல்ல. அரைவேக்காடாக வேகவைத்த நொய்யைப் பாலிப்ரொப்பிலீன் பையில் போட்டு, ஆவியில் கிருமி நீக்கி, ஆறிய பிறகு தூய தாய் வித்தைச் சேர்த்து, 25 முதல் 28 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் ஒவ்வொரு அரிசித் துண்டின் மேலும் பச்சைப் பொடி பூத்துவிடும். நொய்க்கு எங்கே போவது? அம்பத்தூரிலிருந்து சிறிது தூரத்தில் செங்குன்றம் இருக்கிறது. அரிசி ஆலைகளும் அரிசி மொத்த வியாபாரமும் அங்கே நிறைய. ஆராய்ச்சிக்கு எங்கே போவது? செவ்வாப்பேட்டையை அடுத்த திரூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; டி.கே.எம். என்ற பெயர் தாங்கிய நெல் ரகங்கள் அத்தனையும் அங்கிருந்து வந்தவை. வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேயே இருக்கிறது. பூச்சிகளின் இயற்கை எதிரிகளை ஆராயும் தேசிய நிறுவனம் பெங்களூரில், ஒரு நாள் பயணத்தில். நெல்லைக் காக்கும் பூஞ்சாணம் நெல்லின் நொய்யிலேயே வளர்கிறது. திருவள்ளூர் மாவட்டத்து வயலில் செத்துக் கிடக்கும் பூச்சிகளிலிருந்தே பூஞ்சாணத்தைப் பிரித்தெடுத்தால் இந்த மண்ணின் சூட்டுக்கும் பழகிய வகை கிடைக்க வாய்ப்பு அதிகம். வியட்நாம் செய்ததும் அதைத்தான். வீட்டுக்கு வீடு வளர்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. தூய்மை தவறினால் பையில் வளர்வது கரும்பூசணமோ அதைவிட மோசமானதோ ஆகிவிடும். வேண்டாத பூசணங்களில் சில மனிதருக்கு நச்சு. பயிற்சி பெற்ற ஒரு மகளிர் குழுவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ வட்டத்துக்கு ஒன்று, அவர்களுக்கு ஒவ்வொரு போகத்திலும் தாய் வித்தையும் தரப் பரிசோதனையையும் திரூர் நிலையம் தருவது என்ற அமைப்பு போதும்.

பூஞ்சாணத்தால் முடியாதவற்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். குருத்துப்பூச்சி அதில் முதன்மையானது. அதன் புழு பொரித்ததும் சீக்கிரமே தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும். தோலில் விழ வேண்டிய விதைத்தூள் அங்கே எட்டாது. அதற்கு முட்டையிலேயே ஒட்டுண்ணியாக வளரும் டிரைக்கோகிரம்மா குளவியின் முட்டை அட்டைகளைக் கட்டுவதும், எதிர்ப்புள்ள ரகங்களை நடுவதும் மேல். இந்த இரண்டாவது வழியில் திரூர் உலகத்துக்கே கொடுத்தது பெரிது. 1952-இல் அங்கிருந்து வெளிவந்த டி.கே.எம். 6 குருத்துப்பூச்சியைத் தாங்கும் தன்மை கொண்டது. பிலிப்பைன்ஸில் அதைப் பெற்றோர் ரகங்களில் ஒன்றாக வைத்து உருவாக்கியதுதான் 1969-இல் வந்த ஐ.ஆர். 20. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை முழுவதும் உண்ட அரிசி அது. வேதிமருந்துக்குக் கை நீட்டும் முன் பயிரின் இயல்பையும் பூச்சியின் இயற்கை எதிரிகளையும் பயன்படுத்துவது இந்த மண்ணுக்கு அந்நியமான யோசனை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

நல்ல பூச்சிகளையும் மனிதரையும் இது தாக்காதா என்று கேட்பவர்களுக்கு நேரான பதில் தர வேண்டும். சிலந்திக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சிக்கும் பூஞ்சாணத்தால் ஒரு பாதிப்பும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பைரித்ராய்டுகளால் நேரும் அழிவோடு ஒப்பிட்டால் அது சிறிது; சிலந்தி மிஞ்சிய வயலில்தான் பூஞ்சாணமும் சிலந்தியும் சேர்ந்து வேலை பார்க்கும். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இருக்கும் ஊரில் பிவேரியாவைத் தெளிக்கவே கூடாது. பாஸி கண்ட நோய் அதுதான். மனிதரின் உடல் சூட்டில் இவை வளர்வது கடினம் என்றாலும், பொடியை அளக்கும்போதும் கலக்கும்போதும் மூச்சில் போனால் சிலருக்கு ஒவ்வாமை வரலாம். முகக்கவசமும் கையுறையும் இதற்கும் வேண்டும். உயிர்மருந்து என்பதால் கையால் அள்ளிக் கலக்கலாம் என்று காட்டும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். இத்தனைக்கும் பிறகு, வரப்புக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடமும் குடியிருப்பும் கிணறும் இருக்கிற ஊரில் மோனோகுரோட்டோபாஸ் வகையறாக்களோடு இதை ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியல்ல.

கடைசியாக ஓர் ஆட்சேபம் உண்டு. அது விவசாயத்தைப் பற்றியது அல்ல, நிலத்தைப் பற்றியது. மெட்ரோ பாதை பூந்தமல்லிக்கு வந்துவிட்டது, ஆவடி 2019-இல் மாநகராட்சி ஆகிவிட்டது, இன்னும் பத்து, இருபது ஆண்டில் இந்த வயல்களே இருக்காது, இவற்றுக்காக ஏன் ஒரு ஏற்பாடு என்று கேட்கிறார்கள். மனையாக மாறும் வேகத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வியில் வேதனை இருக்கிறது. ஆனால் போகப்போகிற நிலம் என்பதற்காக, அது இருக்கும்வரை அதன் தண்ணீரைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம் என்று ஆகாது. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் போகப்போவதில்லை. மேலும், நகரத்தை ஒட்டி வயல் இருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. ரசாயனம் அடிக்காத அரிசிக்கு விலை கொடுக்கத் தயாரான வீடுகள் அம்பத்தூரிலும் முகப்பேரிலும் அண்ணா நகரிலும் இருக்கின்றன. தஞ்சையிலிருந்து அந்த அரிசியை வரவழைத்து வாங்குகிறார்கள். வெள்ளவேட்டு விவசாயிக்கு அந்தச் சந்தை பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது. அதை எட்ட அவரிடம் இன்று இல்லாதது நம்பத் தகுந்த மாற்று மருந்து மட்டும்தான். மாற்று மருந்து கையில் இருந்தால் நிலத்தை விற்காமல் இன்னும் சில போகம் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் குறைவாக இருக்க மாட்டார்கள்.

தமிழ்நாடு அரசு 2023-இல் இயற்கை வேளாண் கொள்கை ஒன்றை வெளியிட்டது. கொள்கை இருக்கிறது, பதிவு இருக்கிறது, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நொய் இருக்கிறது. இல்லாதது, ஒவ்வொரு பையிலும் தயாரித்த தேதியையும் உயிருள்ள விதைத்தூள் எண்ணிக்கையையும் அச்சிட்டு, இரண்டு, மூன்று வாரத்துக்குள் வயலுக்குக் கொண்டு சேர்க்கிற ஓர் அமைப்பு. வேளாண்மைத் துறை இதை மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. திருவள்ளூர், பூந்தமல்லி, ஆவடி வட்டங்களில் இருக்கிற நெல் பரப்புக்கு மட்டும், இரண்டு சம்பாவுக்குச் செய்து பார்க்கட்டும். தெளித்த வயலையும் தெளிக்காத வயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூச்சியை எண்ணி, விளைச்சலை நிறுத்து, முடிவு எதுவானாலும் பொதுவில் வைக்கட்டும். விவசாயிகளும் தங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் போய் இதைக் கேட்க வேண்டும். கேட்காத சரக்கை எந்தத் துறையும் தயாரிப்பதில்லை. கேட்பதற்கும் காலம் உண்டு. ஐப்பசியில் சம்பாப் பயிரில் இறக்கப் பூஞ்சாணம் வேண்டுமென்றால் புரட்டாசி முதல் வாரத்தில் நொய் வெந்தாக வேண்டும். அதற்குத் தாய் வித்து ஆவணியிலேயே தயாராக இருக்க வேண்டும்.